நாலு கிரவுண்டில் ஒரு ஏரி: மேற்கு மாம்பலம் அடுக்ககம் ஒன்றின் மழைநீர் வேலை

2021 நவம்பர் 7, விடியற்காலை. வாட்ச்மேன் கதவைத் தட்டி, "சார், கீழ வந்து பாருங்க, வண்டியெல்லாம் முங்கிடுச்சு" என்றார். முந்தின இரவு நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். மோட்டார் ரூம் மூழ்கி, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. தெருவில் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. எங்கள் காம்பவுண்டுக்குள் வடிய ஆறு நாள்.

அந்த இரண்டு நாள் வித்தியாசம்தான் என்னை உறுத்தியது. தெருவே காய்ந்த பிறகும் எங்கள் வாசலில் மட்டும் ஏன் தண்ணீர் நின்றது? நான் சிவில் இன்ஜினியர். முப்பது வருடமாகக் கட்டடத்திலிருந்து தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளலாம் என்றுதான் யோசித்திருக்கிறேன். அந்த யோசனையே தப்பு என்று புரிந்துகொள்ள இந்த மனை எனக்கு உதவியது. 2022இல் நாங்கள் செய்த வேலை, அதில் வந்த தவறுகள், அதற்குப் பிறகு வந்த மழைகள் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரிக் கட்டடத்தில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

எங்கள் மனை

லேக் வியூ ரோடு எங்களுக்கு நடக்கிற தூரம். நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் படுகையில்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ஏரிதான். தண்ணீர் தங்கிய பள்ளத்தில் நாம் குடியேறினோம். பள்ளம் இன்றும் பள்ளமாகவே இருக்கிறது.

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில், அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் வந்து விழுகிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் மேற்கிலிருந்து வந்து கடலில் சேர்கின்றன. கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். ஓதம் ஏறும் நேரத்தில் கடல் ஆற்றுநீரை உள்ளே வாங்காது. இப்படிப்பட்ட ஊரில் எல்லாத் தெருவும், எல்லா வீடும் ஒரே நேரத்தில் வேகமாகத் தண்ணீரைத் தள்ளினால் அது போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். சைதாப்பேட்டையில், கோட்டூர்புரத்தில், ஜாபர்கான்பேட்டையில் ஆற்றோரம் இருப்பவர்களின் வீடுதான் அந்த இடமாக ஆகிறது. மழைநீர் வடிகால் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வடிகாலை மட்டும் நம்பினால் நம் தண்ணீரை அடுத்தவர் தலையில் கட்டுகிறோம் என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஏரிகள் சங்கிலியாகக் கிடக்கும். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நிறைந்துவிட்டால் கலங்கல் வழியாகக் கோடி போய், அதாவது வழிந்து, அடுத்த ஏரிக்கு இறங்கும். அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று நாம் பஸ் நிறுத்தமாகச் சொல்லும் பெயர்களில் இருக்கும் தாங்கல், சின்ன ஏரி. மழைநீரைத் தாங்கி நிற்பதால் தாங்கல். நீடித்த மழைநீர் மேலாண்மை என்று இன்று உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பேசும் முறையின் சாரமும் இதுதான்: விழுந்த இடத்திலேயே பிடி, முடிந்ததை மண்ணுக்குக் கொடு, மீதியை மெதுவாக விடு, அதற்கும் மேல் வந்தால் பத்திரமான வழியைக் காட்டு. ஒரு தாங்கலை நாலு கிரவுண்டுக்குள் கட்ட முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

கணக்கு

முதலில் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னைக்காரர் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வாய்ப்பாடு இது. எங்கள் மனை 4 கிரவுண்ட், அதாவது 9,600 சதுர அடி, ஏறக்குறைய 890 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் 89,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஏழு லாரிக்கும் மேலே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டபோது எங்கள் அடுக்ககத்தின் பன்னிரண்டு வீடுகளும் ஒரு லாரிக்காக நாள் கணக்கில் காத்திருந்தன. அதற்கு நாலே வருடம் முன்னால், 2015 டிசம்பர் வெள்ளத்தில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை; செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள்.

890 சதுர மீட்டரில் மொட்டை மாடி 480. மீதி 410 முன்பு மண்தரை, நாலு தென்னை, ஒரு கிணறு. 2009இல் கார் நிறுத்துவதற்காக முழுவதும் கான்கிரீட் போட்டோம். 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழியின் மூடி மேலேயே அந்தக் கான்கிரீட்டைப் போட்டுவிட்டோம். சங்கக் கூட்டத்தில் அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கான்கிரீட் தரையில் விழும் மழையில் பத்தில் ஒன்பது பங்கு உடனே ஓடும். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் ஒரு நல்ல மழை பிடித்தால் எங்கள் மனையிலிருந்து விநாடிக்கு 13 லிட்டர் வெளியேற வேண்டும். ஆனால் தெருவை ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியிருந்தார்கள். எங்கள் வாசல் இப்போது தெருவைவிட ஓர் அடி பள்ளம். இரண்டு நாள் வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். தெரு வடிந்த பிறகும் எங்கள் தண்ணீருக்கு மேலே ஏறும் வழி இல்லை. கீழே இறங்க மண்ணும் இல்லை. கான்கிரீட் போட்டு ஒரு தொட்டியைக் கட்டி, அதற்குள் நாமே குடியிருந்தோம்.

சங்கக் கூட்டத்தில் பேச்சு நீண்டது. காருக்கு இடம் போய்விடும், கொசு வரும், செலவு. கொசுவுக்கு மட்டும் அன்றே பதில் சொன்னேன்: முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் ஆகும், நாம் கட்டுவது இரண்டு நாளில் வடிந்துவிட வேண்டும், வடியாவிட்டால் அது வேலையே இல்லை என்று. ஆனால் கூட்டத்தைத் திருப்பியது என் கணக்கு இல்லை. இரண்டாவது மாடி மாமி. அடுக்ககம் வருவதற்கு முன் இந்த மனையில் இருந்தது அவர்கள் வீடு. "ஐப்பசி, கார்த்திகைல இந்தக் கெணத்துக்குக் கயிறே வேண்டாம். குனிஞ்சு சொம்பால மொண்டுண்டு வந்துடுவோம். கெணத்த மூடினது நாமதான், மழ இல்ல" என்றார். வீட்டுக்கு 50,000 ரூபாய், மொத்தம் 6 லட்சம் என்று முடிவானது.

வேலை

2022 ஏப்ரலில் கான்கிரீட்டை உடைத்தோம். முதல் வேலையாக மண்ணைப் பார்த்தோம். இதைத் தவிர்த்துவிட்டு நேரே குழி தோண்டுகிறவர்கள்தான் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் இறங்கிவிடும். கிண்டி, வேளச்சேரி பக்கம் சில இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. எங்களுடையது பழைய ஏரி மண். கிணற்று உறை இறக்க வந்த மேஸ்திரி ஒரு பிடி எடுத்து உருட்டிக் காட்டினார். சீடை மாதிரி உருண்டு நின்றது, உதிரவில்லை. "பன்னெண்டு அடி வரைக்கும் இதே களிதான் சார். தண்ணி குடிக்காது. அதுக்குக் கீழ மணல் இருக்கு. அங்க கொண்டுபோய் விட்டா உறிஞ்சிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே பதிமூன்றாவது அடியில் சாம்பல் நிற மணல் வந்தது.

அந்த ஒரு பிடி மண் திட்டத்தையே மாற்றியது. தரை முழுக்கத் தண்ணீரை மண்ணுக்குள் விடலாம் என்று நினைத்திருந்தேன். களிமண்ணில் அது நடக்காது. ஆகவே தரைக்கடியில் தண்ணீரைத் தங்க வைத்து மெதுவாக விடுவது ஒரு வேலை, மணலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை என்று இரண்டாகப் பிரித்தோம்.

கார் நிற்கும் 260 சதுர மீட்டரில் ஓரடி தோண்டி, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் ஜியோ துணி விரித்து, கழுவிய ஒன்றரை இன்ச் ஜல்லியை 30 செ.மீ. கனத்துக்கு நிரப்பினோம். மேலே கொஞ்சம் சிப்ஸ் ஜல்லி, அதன் மேல் ஓட்டை வைத்த பேவர் பிளாக். கழுவிய ஜல்லியில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில் மட்டும் 31,000 லிட்டர் நிற்கும். மேலே கார், கீழே குளம். மதில் ஓரமாக 60 சதுர மீட்டருக்குத் தரையை அரை அடி தாழ்த்தி வெட்டிவேர், கல்வாழை, அருகம்புல் வைத்தோம், 9,000 லிட்டர். உபயோகமில்லாமல் கிடந்த பழைய சம்ப் 12,000 லிட்டர். மொத்தம் 52,000 லிட்டர். மனை முழுவதும் விழும் கிட்டத்தட்ட 6 செ.மீ. மழையை எங்கேயும் அனுப்பாமல் பிடித்துவைக்கும் அளவு இது.

மாடித் தண்ணீர் முதலில் சம்ப்புக்கு. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை மட்டும் ஒரு வால்வு வைத்துச் செடிப் பக்கம் திருப்பிவிட்டோம். சம்ப் நிறைந்தால் மணல், கரி வடிகட்டி வழியாகப் பழைய கிணற்றுக்கு. தரைத் தண்ணீரைக் கிணற்றில் விடவே இல்லை. காரிலிருந்து சொட்டும் ஆயில் குடிக்கிற தண்ணீரில் சேரக் கூடாது. தரைத் தண்ணீருக்காகத் தனியாக மூன்றடி அகலம், பதினெட்டடி ஆழத்தில் இரண்டு உறைகிணறு. அவற்றுக்கு முன்னால் செடிப் பள்ளம், அப்புறம் மண் தங்கும் தொட்டி. செடிப் பள்ளத்தைத் தாண்டி வரும் தண்ணீர்தான் உள்ளே போகும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இரண்டு இன்ச் ஓட்டை. ஜல்லிப் படுகையின் அடியிலிருந்து தெரு வடிகாலுக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு தகடு, அதில் இரண்டு இன்ச் துளை. அதுதான் எங்கள் மதகு. படுகை முழுக்க நிறைந்திருந்தாலும் அந்தத் துளை விநாடிக்கு 3 லிட்டருக்கு மேல் விடாது. முன்பு 13 லிட்டரைத் தெருவில் கொட்டிய மனை இப்போது அதில் கால் பங்குகூடக் கொட்டாது. நிறைந்த படுகை காலியாக ஆறு மணி நேரம் ஆகும், மழை உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தைத்தான் தெருவுக்கு நாங்கள் கொடுக்கிறோம். படுகை நிறைந்தால் வழிய, மேல் மட்டத்தில் இன்னொரு அகலக் குழாய்; அது கலங்கல். தெரு வடிகால் நிரம்பித் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க வெளிமுனையில் என்ஆர்வி, அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு.

தவறுகள்

முதல் தவறு பேவர் பதித்த முதல் நாளே. பேவர் பிளாக் பதித்தவர்கள் சாயங்காலம் சந்துகளிலும் ஓட்டைகளிலும் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டார்கள். "புல்லு முளைக்காம நீட்டா இருக்கும்னுதான் சார்" என்றார் அந்தப் பையன். நல்லெண்ணத்தோடு, வழக்கமாகச் செய்வதைச் செய்திருக்கிறான். தண்ணீர் உள்ளே போவதற்காகத்தான் இந்த ஓட்டை என்று நான்தான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அந்த வரிசைகளைப் பெயர்த்து மாற்றினோம். அதன் பிறகு, கடைசி ஆள் வரை கூப்பிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி அது மறைவதைக் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கினேன்.

இரண்டாவது பெரிய தவறு. 2023 தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு கட்டட வேலை நடந்தது. தெருவில் குவித்த எம்-சாண்ட் தூள் கோடை மழையில் எங்கள் கேட் வழியாக வந்து செடிப் பள்ளத்தில் சந்தனம் மாதிரிப் படிந்தது. வேலை முடித்த புதிதில் உறைகிணற்றில் ஓரடி தண்ணீர் இறங்க 40 நிமிடம் ஆகும். அந்த ஜூனில் அளந்தால் மூன்று மணி நேரம். மண் தங்கும் தொட்டி நிறைந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆள் இறங்கி அடி மணலை ஓரடி வாரி எடுத்துப் புது மணல் போட்ட பிறகுதான் சரியானது. மழைநீர் வேலைகள் செத்துப்போவது இப்படித்தான், சத்தமில்லாமல். இப்போது வாட்ச்மேன் மாதம் ஒரு முறை தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கிறார். குச்சியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. மண் அந்தக் கோட்டைத் தொட்டால் அள்ள வேண்டும்.

மூன்றாவதைத் தவறு என்று சொல்வதா, எல்லை என்று சொல்வதா தெரியவில்லை. கார்த்திகை கடைசிக்குள் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறைகிணறு குடிப்பதை நிறுத்திவிடும். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அது வேலை செய்கிறது. வெள்ள அபாயம் அதிகமாக இருக்கும் நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. அதனால் வெள்ளத்துக்கு உறைகிணற்றை மட்டும் நம்பக் கூடாது. ஜல்லிப் படுகையும் சம்ப்பும்தான் அப்போது கை கொடுக்கும். சம்ப்பும் காலியாக இருந்தால்தான். மழை எச்சரிக்கை வந்ததும் சம்ப் தண்ணீரைக் கழிவறைத் தொட்டிகளுக்கு ஏற்றிக் காலி செய்ய வேண்டும் என்று பழக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. நிறைந்த சம்ப்பைப் பார்த்து மகிழும் மனதுக்கு அதைக் காலி செய்யச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மழை வந்தபோது

ஓர் ஐப்பசி மாலை, முக்கால் மணி நேரத்தில் மாடியில் வைத்திருக்கும் மழைமானியில் 4 செ.மீ. காட்டியது. மனைக்கு 35,000 லிட்டர் சொச்சம். குடையோடு கேட்டில் போய் நின்றோம். தெருவில் கணுக்கால் அளவு ஓடியது. எங்கள் பேவர் தரையில் குட்டை இல்லை. மணிக்கட்டு கனத்தில் ஒரு தாரை மட்டும் குழாய் வழியாகத் தெரு வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. மழை ஏழரைக்கு விட்டது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோதும் அந்தத் தாரை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3, 4. நகரின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல். அந்தக் கணக்கில் எங்கள் மனைக்கு மூன்றரை லட்சம் லிட்டர். எங்கள் கொள்ளளவு அதில் ஏழில் ஒரு பங்கு. 4ஆம் தேதி காலை பத்து மணிக்குள் எல்லாம் நிறைந்துவிட்டது. தெரு வெள்ளம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. கணுக்காலுக்கு மேல் நின்றது. மோட்டாரை இரண்டடி மேடைக்கு ஏற்றியிருந்ததால் தப்பித்தது. இந்த முறை தெருவும் நாங்களும் ஒரே நாளில் காய்ந்தோம், 5ஆம் தேதி மாலை. 2021இல் ஆறு நாள். இந்த வித்தியாசம் முழுவதும் எங்கள் வேலையால் என்று சொல்ல மாட்டேன். இடையில் எங்கள் தெருவில் புது வடிகால் போட்டிருந்தார்கள். உள்ளே வந்த தண்ணீருக்கு இறங்க ஒரு படுகையும் அதிலிருந்து வெளியேற ஒரு வழியும் இருந்தன. அதுவரைதான் எங்கள் பங்கு.

கிணற்றைப் பற்றியும் அப்படியே. மாமி முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை வைத்திருக்கிறார், அடிக்கு ஒரு முடிச்சு. 2022 மே மாதம் 23 முடிச்சுக்குக் கீழே தண்ணீர். 2024 மே மாதம் 17. நடுவில் பெய்த நல்ல மழைக்கும் இதில் பங்கு உண்டு. கோடையில் நாங்கள் லாரி கூப்பிடவில்லை என்பதும் உண்மை.

கேட்டுக்கு வெளியே

ஒரு மனை தாங்குவது 6 செ.மீ. அதற்கு மேல் தெருவும் வட்டாரமும் தாங்க வேண்டும். மாநகராட்சி பூங்காக்களில் குளம் வெட்டி ஸ்பாஞ்ச் பார்க் அமைக்கிறது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் வெட்டிய குளங்கள் வேளச்சேரிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தி வைப்பதற்காக. இரண்டும் சரியான திசை. எல்லாவற்றுக்கும் பெரிய தாங்கல் நம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. தென்சென்னையின் பல ஏரிகள் நிறைந்து வழிந்து அங்கேதான் சேர்கின்றன. ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகத்தான் அந்தத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். அந்த மடுவின் அகலம் குறைந்தால், மனை மனையாக ஜல்லிக்குள் சேர்ப்பது மட்டும் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றாது.

அடுத்து எங்கள் தெருவில் என்ன செய்யலாம் என்று பார்க்கிறோம். பத்து மனைகள் இதே அளவுக்குச் செய்தால் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். பத்து மனைக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசுவது ஜல்லி அள்ளுவதைவிடக் கடினமான வேலை. போன மாதம் இடது பக்கத்து அடுக்ககத்தின் செயலாளர் வந்து கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு போனார். அவர்களுடையது ஆறு கிரவுண்ட், கிணறு கிடையாது. மண்ணைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். அதே மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு சோதனைக் குழி போட்டார்கள். நானும் மாமியும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது அடியில் மணல் வந்தது.